ஓய்ந்த பொக்லைனை உழவர் தலையில் கட்டாதீர்கள்

சென்ற இதழில் ஒருவர் எழுதியிருந்தார்: சிறு உழவருக்கு விடிவு வேண்டுமென்றால் பழைய பொக்லைன் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்த வேண்டுமாம். பதினைந்து ஆண்டு ஓடிய இருபது டன் ஹிட்டாச்சி 12 லட்சத்துக்குக் கிடைக்கிறதாம். மணிக்கு 2,200 ரூபாய் வாடகை அழுவதை நிறுத்தினால், ஆண்டுக்கு 300 மணி நேர வேலைக்கு 6,60,000 மிச்சமாம். இரண்டே ஆண்டில் போட்ட முதல் கைக்கு வந்துவிடுமாம். அதன் பிறகு ஆயுளுக்கும் வேலை இலவசமாம். கையில் பணம் இல்லையென்றால் நகையை அடகு வைத்தாவது வாங்குங்கள் என்று முடித்திருந்தார்.

அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. காங்கயம், தாராபுரம், குண்டடம் பக்கத்தில் பத்து ஏக்கர் வைத்திருப்பவர் வீட்டில் இருக்கும் நகை, பெண்ணின் கல்யாணத்துக்கும் மழை பொய்த்த ஆண்டுக்கும் என்று சேர்த்தது. அதை எடுத்துக்கொண்டுபோய் ஓய்ந்துபோன இரும்பில் போடு என்று அச்சில் சொல்கிறவர், குறைந்தபட்சம் கூட்டல் கழித்தலையாவது சரியாகச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

முதலில் அந்த 2,200 ரூபாயை எடுத்துக்கொள்வோம். அது வெறும் வண்டி வாடகை அல்ல. டீசல், ஆபரேட்டர் சம்பளம், பேட்டா, தேய்மானம், ரிப்பேர், வண்டி நின்றுபோனால் வரும் நட்டம் எல்லாம் அதற்குள் அடக்கம். சொந்த வண்டி ஆனதும் டீசல் இலவசமாக வருமா? தேய்ந்த எஞ்சினும் உள்ளுக்குள் கசியும் பம்பும் உள்ள இருபது டன் வண்டி மணிக்கு 14 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், லிட்டர் 92 ரூபாய்க் கணக்கில் 1,288 ரூபாய். ஆபரேட்டருக்கு நாளுக்கு 1,200 என்றால் மணிக்கு 150. மிச்சம் 762 ரூபாய். அவர் சொல்லும் 300 மணி நேரத்தையும் அப்படியே ஒப்புக்கொண்டால் ஆண்டுக்கு 2,28,600. அவர் காட்டிய 6,60,000 எங்கே, இது எங்கே? 12 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு 1,44,000 போகும். பழைய வண்டிக்குத் தனியார் பைனான்ஸ் அந்த வட்டிக்குக் கடன் தருமா என்பது வேறு பேச்சு. அவருக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்வோம். கடைசியில் மிஞ்சுவது 84,600 ரூபாய். இதில்தான் எஞ்சின் ஆயில், பில்டர், பக்கெட் பல், பின், புஷ், ஹோஸ், சீல் கிட், மெக்கானிக் கூலி எல்லாம் முடிய வேண்டும். இருபது டன் வண்டியின் ஹைட்ராலிக் அமைப்பு முழுக்க எண்ணெய் மாற்ற ஒரு பீப்பாய் வேண்டும், 200 லிட்டரை ஒட்டி. கட்டுரையாளர் அந்த ஒரு பீப்பாயின் விலையையாவது கடையில் விசாரித்துவிட்டு எழுதியிருக்கலாம்.

இதுவும் 300 மணி நேரம் என்பதை ஒப்புக்கொண்டால்தான். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கட்டுரையில் ஒரு வரி இல்லை. பத்து ஏக்கர் காட்டில் பொக்லைனுக்கு அப்படி என்ன வேலை இருக்கிறது? முப்பது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு பண்ணைக்குட்டை எடுப்பதாக வைப்போம். பக்கச் சரிவு போக ஏறத்தாழ 1,570 கன மீட்டர் மண். மண்ணை எடுத்துக் கரையில் போடுவது மட்டும்தான் என்றால் இருபது டன் வண்டிக்கு இருபத்தைந்து, முப்பது மணி நேர வேலை. அது ஆயுளுக்கு ஒருமுறை. ஐந்து ஏக்கர் தென்னை வைக்கிறீர்கள் என்றால் இருபத்தைந்து அடி இடைவெளியில் ஏக்கருக்கு எழுபது குழி, மொத்தம் முந்நூற்றைம்பது. குழிக்கு நாலு நிமிடம் போட்டாலும் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் முடியும். அதற்கு ஜேசிபியே போதும். அந்த மரம் அறுபது ஆண்டு நிற்கும். சீமைக்கருவேலம் பிடுங்குவது, வரப்பு ஒதுக்குவது, வாய்க்கால் திருத்துவது என்று எல்லாம் சேர்த்தாலும் சராசரியாக ஆண்டுக்கு ஐம்பது மணி நேரம் தேறினால் அதிகம். ஐம்பது மணி நேரத்துக்கு 762 ரூபாய் வீதம் மிச்சம் 38,100. வட்டி மட்டும் 1,44,000. வண்டி ஒரு ஹோஸ்கூட வெடிக்காமல் ஓடினாலும், ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கையைவிட்டுப் போகிறது. இதைத்தான் விடிவு என்கிறார்.

கிணறு தூர்வாருவதையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறார். இதைப் படித்தபோது, அவர் கொங்குநாட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்ததே இல்லை என்று தெரிந்துவிட்டது. இருபது டன் வண்டியின் கை எட்டும் ஆழம் ஆறரை மீட்டரைச் சுற்றி, அதாவது இருபத்தொரு, இருபத்திரண்டு அடி. எங்கள் பக்கத்துக் கிணறுகள் அறுபது அடிக்குக் குறைந்து இல்லை. நூறு அடியும் உண்டு. அதில் சேறு எடுக்கக் கிரேன் வைத்துக் கிணறு வெட்டும் ஆட்கள்தான் இறங்குகிறார்கள். பொக்லைனைக் கிணற்று மேட்டில் நிறுத்தி எட்டச் சொன்னால், சுவர்தான் சரியும்.

அடுத்தது, வண்டியைச் சோதிப்பது பற்றி அவர் கொடுத்த அறிவுரை. கட்டுரையில் எனக்கு மிக ஆபத்தாகப் பட்ட இரண்டு இடங்களில் இது ஒன்று. "ஸ்டார்ட் செய்து நாலு பக்கெட் மண் அள்ளிப் பாருங்கள், புகை அதிகம் இல்லையென்றால் வாங்குங்கள்" என்கிறார். புரோக்கர் எதிர்பார்ப்பதும் இதையேதான். எஞ்சினின் பலவீனம் குளிர்ந்த நிலையில்தான் வெளியே வரும். கம்ப்ரஷன் போன எஞ்சின் விடியற்காலையில் இழுத்து இழுத்துத்தான் பிடிக்கும், வெள்ளைப் புகை தள்ளும். அதனால் நீங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருப்பார்கள். ஹைட்ராலிக் அப்படியே நேரெதிர். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும். தேய்ந்த பம்பிலும் வால்வு இடுக்குகளிலும் எளிதில் கசியாது. வண்டி புதுசு போல வேலை செய்யும். எண்ணெய் நன்றாகச் சூடேறி நீர்த்த பிறகுதான் பூம் மெதுவாக ஏறும், திரும்பும் வேகம் குறையும், இரண்டு வேலையை ஒன்றாகச் செய்யச் சொன்னால் எஞ்சின் திணறும். அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் கடும் வேலை கொடுக்க வேண்டும். நாலு பக்கெட்டில் அது தெரியாது. தொட்டியில் இருக்க வேண்டியதைவிடக் கெட்டியான எண்ணெயை ஊற்றிவைத்து ஏமாற்றுவதும் இந்தச் சந்தையில் பழைய தந்திரம். ஆக, எஞ்சினை அது குளிர்ந்திருக்கும்போதும் ஹைட்ராலிக்கை அது நன்றாகச் சூடேறியிருக்கும்போதும் பார்க்க வேண்டும். கட்டுரையாளர் இரண்டையும் தலைகீழாகச் சொல்லிக் கொடுக்கிறார். அவர் சொன்னபடி பார்த்தால், கெட்ட வண்டி நிச்சயமாகத் தேறிவிடும்.

வண்டியின் மணி நேர மீட்டர் 6,800 காட்டியது என்றும் அவர் பெருமையாக எழுதியிருக்கிறார். ஒப்பந்தக்காரரிடம் ஓடும் வண்டி ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரம் ஓடுவது மிகச் சாதாரணம். பதினைந்து ஆண்டுக்கு 6,800 என்றால் ஒன்று அந்த மீட்டர் மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது பல ஆண்டுகள் செத்துக் கிடந்திருக்கிறது. மீட்டரை விட்டுவிட்டுச் செயினைப் பார்க்க வேண்டும். ஸ்ப்ராக்கெட் பல் கூர்ந்துபோயிருக்கிறதா, ரோலர் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறதா, செயின் பின்னும் புஷ்ஷும் தளர்ந்து ஒவ்வொரு இணைப்பும் நீண்டிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். செயின் வண்டியின் ஆயுள் முழுக்க ஆகும் பராமரிப்புச் செலவில் பாதியை இந்த அடிப்பகுதியே தின்றுவிடும் என்பது தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. கட்டுரையில் செயின் என்ற சொல்லே வரவில்லை! பூமிலும் ஆர்மிலும் வெல்டிங் தழும்பு இருக்கிறதா, ஆர்மில் பிரேக்கர் குழாய் ஓடிய தடம் இருக்கிறதா என்பதும் இல்லை. கல்குவாரியில் பிரேக்கர் மாட்டி உடைத்த வண்டியென்றால் ஒவ்வோர் அடியும் பின்னையும் புஷ்ஷையும் உலுக்கியிருக்கும். அந்த அதிர்ச்சி எண்ணெய் வழியாகப் பம்பு வரைக்கும் போயிருக்கும். எங்கள் பக்கம் விற்பனைக்கு வரும் பழைய வண்டிகளில் குவாரி பார்த்தவை எத்தனை என்று அவர் ஒரு மெக்கானிக்கிடமாவது கேட்டிருக்க வேண்டும்.

"பழைய மாடலில் எலக்ட்ரானிக்ஸ் கிடையாது, நம்ம ஊர் டிராக்டர் மெக்கானிக்கே பார்த்துக்கொள்வார்" என்பது அடுத்த வாதம். இதுவும் உண்மை அல்ல. 1990களில் வந்த ஹிட்டாச்சி இ.எக்ஸ். 200 வரிசையிலேயே பம்பையும் வால்வையும் ஆளும் கம்ப்யூட்டர் பெட்டி உண்டு. எஞ்சின் வேகத்தைக் கேபிள் வைத்து இழுக்காமல் மோட்டார் வைத்துத் திருப்பும் ஏற்பாடும் உண்டு. ஒரு சென்சார் போனால் வண்டி பாதிச் சக்தியில் முனகும். காரணம் தெரியாமல் பம்பைக் கழற்றிப் போட்டுப் பணத்தைக் கரைத்தவர்கள் இருக்கிறார்கள். பம்பு என்பதும் டிராக்டர் பம்பு அல்ல. உள்ளே பிஸ்டனுக்கும் அது ஓடும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மைக்ரான் கணக்கில்தான். தலைமுடி ஒன்று அதில் நுழையாது. கண்ணுக்குத் தெரியாத தூசு போதும் அதைக் கீறிவிட. அதைப் புழுதி பறக்கும் மரத்தடியில் சாக்கு விரித்துப் பிரித்துப் பூட்டிவிட முடியும் என்று எழுதுவது பொறுப்பற்ற பேச்சு. பிரித்த பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி அழுத்தம் பார்த்துப் பூட்டத் தெரிந்த பட்டறைகள் பெரிய ஊர்களில்தான் இருக்கின்றன. பம்பு அங்கே போய்வரும் வரை வண்டி காட்டில் நிற்கும். சித்திரை வைகாசியில் குட்டை எடுக்க வாங்கிய வண்டி ஆடி பிறந்தும் நின்றுகொண்டிருந்தால், அந்த ஆண்டு மழைத்தண்ணீர் போனதுதான்.

இரண்டாவது ஆபத்தான இடத்துக்கு வருகிறேன். ஹோஸில் கசிவு இருந்தால் பயப்படாதீர்கள், பழைய வண்டிக்கு அது சகஜம், துணியைச் சுற்றிக்கொண்டு ஓட்டலாம், எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்த்தால் தெரியும் என்று எழுதியிருக்கிறார். இதை அச்சிட்டிருக்கவே கூடாது. அந்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் 340 பார் வரை போகும். கார் டயரில் இருப்பதைப் போல நூற்றைம்பது மடங்கு. ஊசித் துளை வழியாக அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் கையின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் முள் குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும். முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. மஞ்சள் பத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுகத் தொடங்கும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலை, சில நேரம் கையையே எடுக்க வேண்டி வரும். கசிவைத் தேடுவதென்றால் தள்ளி நின்று அட்டையையோ பலகையையோ பிடித்துத்தான் பார்க்க வேண்டும்; ஹோஸைக் கழற்றவோ இறுக்கவோ வேண்டுமென்றால் முதலில் எஞ்சினை அணைத்து, பக்கெட்டைத் தரையில் இறக்கி, அழுத்தத்தை வெளியேற்றிவிட வேண்டும். கசிவைத் தேடக் கையை வைக்கவே கூடாது. பூம் உயர்ந்திருக்கும்போது ஹோஸ் வெடித்தால் அத்தனை எடையும் அடியில் நிற்பவர் தலையில்தான் இறங்கும். குட்டைக்குள் இறங்கி மண்வெட்டியோடு ஓரம் திருத்திக்கொண்டு நிற்பது யார்? கூலிக்கு வந்த ஆளோ, வீட்டுப் பையனோ. அவர்கள் உயிரைப் பற்றி ஒரு வரி எழுத இடமில்லாத கட்டுரையில், துணி சுற்றுவதற்கு இடம் இருந்திருக்கிறது.

காகிதம் பற்றியும் அவர் வாயைத் திறக்கவில்லை. டயர் வைத்த ஜேசிபிக்காவது ஆர்.சி. புத்தகம் உண்டு, யார் பெயரில் இருக்கிறது, பைனான்ஸ் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். செயின் வண்டி சாலையில் ஓடும் வாகனமாகப் பதிவாவதில்லை. வாங்கிய பில், பைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்று, சேஸிஸ் எண் இவைதான் உரிமைக்குச் சாட்சி. நாலு கை மாறிய வண்டியில் இவை தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்க்காமல் பணத்தைக் கொடுத்தால், பழைய தவணை பாக்கிக்காக ஒருநாள் லோபெட் லாரியோடு வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்த லோபெட்டுக்கும் ஒவ்வொரு முறையும் வாடகை உண்டு. பக்கத்து ஊரில் இருக்கும் இன்னொரு காட்டுக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும் என்றால்கூட.

சும்மா நிற்கும் நாளில் வாடகைக்கு விட்டு வட்டி கட்டலாம் என்கிறார். ஓய்ந்த வண்டியை யார் வாடகைக்கு எடுப்பார்கள்? நல்ல வண்டி கிடைக்காதவரும், நல்ல வண்டிக்காரர் வர மறுக்கும் வேலைக்கு ஆள் தேடுபவரும்தான். அப்படிப்பட்ட வேலைக்குப் போய் அனுமதி இல்லாத இடத்தில் மண் அள்ளினால், கனிம வளச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் வண்டியைப் பறிமுதல் செய்ய அதிகாரம் இருக்கிறது. நகையை வைத்து வாங்கிய வண்டி தாலுகா அலுவலக வளாகத்தில் மழையில் நிற்பதுதான் கடைசியில் மிஞ்சும்.

எப்படிப் போனாலும் இரும்பு விலைக்காவது விற்கலாமே என்ற ஆறுதலும் சொல்லியிருக்கிறார். இருபது டன்னையும் கிலோ 30 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டாலே 6 லட்சம். போட்டதில் பாதி அங்கேயே போயிற்று. வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி உண்டு. பின்னால் தொங்கும் நாலு டன் எடைக்கட்டி சில வண்டிகளில் முழு இரும்பு அல்ல; கூட்டுக்குள் கான்கிரீட் அடைத்தது. பழைய இரும்புக்காரர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்.

கட்டுரையில் ஒரே ஓர் இடத்தில் அவரோடு நான் ஒத்துப்போகிறேன். வாடகை வண்டிக்காக உழவர் காத்துக் கிடப்பது கொடுமை. நாளை வருகிறேன் என்பார், வரமாட்டார். வந்தால் குறைந்தது நாலு மணி நேரத்துக்குக் காசு கேட்பார். சீசனில் விலையை ஏற்றுவார். இந்த வலி எனக்கும் தெரியும். ஆனால் இதற்குத் தீர்வு, ஆளுக்கொரு செத்த வண்டி அல்ல. வேளாண் பொறியியல் துறையிடம் பொக்லைன், ஜேசிபி, புல்டோசர் எல்லாம் இருக்கின்றன. உழவன் செயலியில் இ-வாடகை வழியாகப் பதிவு செய்து, தனியாரைவிடக் குறைந்த கட்டணத்தில் எடுக்கலாம். அங்கேயும் வரிசை நீளம்தான். வண்டி எண்ணிக்கை போதவில்லை, கோடையில் கேட்ட நாளில் கிடைப்பதில்லை. அந்தக் குறையைப் பற்றி, கூடுதல் வண்டி கேட்டு, அவர் நாலு பக்கம் எழுதியிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். பண்ணைக்குட்டைக்கு மானியம் இருப்பதையும் அவர் சொல்லவில்லை. பத்து இருபது பேர் சேர்ந்து வேலையை ஒரே வாரத்தில் குவித்துக் கொடுத்தால், நல்ல வண்டிக்காரர் தானே விலை குறைத்து வருவார். எங்கள் பக்கம் தென்னங்குழிக்கு இப்படிச் செய்திருக்கிறோம், நடக்கிறது. உழவர் உற்பத்தியாளர் குழுவாகச் சேர்ந்து நல்ல நிலையில் உள்ள வண்டி ஒன்றை வாங்கி, ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரம் ஓட்ட முடிந்தால், அந்தக் கணக்கு வேறு; அதை நான் மறுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பணக் கணக்கில் அது வராது. வண்டி வாசலில் நின்றால் அதற்கு வேலை தேடத் தோன்றும். மேடு பள்ளமாக இருக்கும் காட்டை மட்டமாக்கலாம், வரப்பை நேராக்கலாம் என்று தொடங்குவார்கள். எங்கள் செம்மண் காடுகளில் பயிர் விளையும் மேல்மண் பல இடங்களில் ஒன்றிரண்டு அடிதான், அடியில் சுக்கான்கல். வாடகை வண்டியென்றால் மணி ஓடுகிறதே என்ற பயத்தில் தேவையான மண்ணை மட்டும் தொடுவோம். சொந்த வண்டி அந்தப் பயத்தைப் போக்கிவிடும். மேல்மண்ணை ஓரமாகத் தள்ளிச் சுக்கானை மேலே கொண்டுவந்த காட்டில் ஆண்டுக்கணக்கில் எருவடித்தும் சோளத்தட்டு இடுப்புக்கு மேல் ஏறவில்லை. அப்படிக் கெட்டுப்போன காடு தாராபுரம் சாலையில் இருக்கிறது. கட்டுரையாளர் வந்தால் நானே அழைத்துப்போய்க் காட்டுகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் வாங்கியே தீருவேன் என்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விடியற்காலையில் சொல்லாமல் போய் நில்லுங்கள். எஞ்சின் மேல் கை வைத்துப் பார்த்து, அது குளிர்ந்திருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். உங்கள் செலவில் டீசல் ஊற்றி மூன்று மணி நேரம் கெட்டித் தரையில் தோண்டவிடுங்கள். பிறகு பக்கெட்டில் மண்ணை நிரப்பித் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். பூம் கணிசமாகத் தானாக இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ போயிருக்கிறது. நேராக ஓட்டச் சொல்லுங்கள். வண்டி ஒருபக்கமே இழுத்தால் டிராவல் மோட்டாரோ பம்பில் ஒரு பாதியோ தளர்ந்திருக்கிறது. பழைய ஹைட்ராலிக் பில்டரைக் கழற்றி அறுத்துப் பாருங்கள். பித்தளைத் துகள் மின்னினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். புரோக்கர் கூட்டிவரும் மெக்கானிக் வேண்டாம். உங்கள் காசில் உங்கள் ஆளைக் கூட்டிப்போங்கள். இதில் எதற்காவது விற்பவர் மறுத்தால், முன்பணத்தைப் பையிலிருந்து வெளியே எடுக்காதீர்கள்.